கேளாமல் வந்த உதவி

பிறரிடம் கை நீட்டாதே என்பது, நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு முதன்முதலாகச் சொல்லிக் கொடுக்கப்படும் ஒழுக்கங்களுள் ஒன்று. அண்டை வீட்டார் பலகாரம் தந்தால்கூட உம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, அவர் இசைந்த பின்னரே பெற்றுக்கொள்ளும் பிள்ளையைக் கண்டு நாம் பூரிப்படைகிறோம். அப்பழக்கம் நல்ல பழக்கமே. தன் கையால் உழைத்து உண்பதை இஸ்லாம் பெரிதும் சிறப்பித்துக் கூறுகிறது. கயிறு ஒன்றை எடுத்துச் சென்று, விறகு கட்டி, முதுகில் சுமந்து விற்றுப் பிழைப்பது மக்களிடம் இரந்து நிற்பதைவிட மேலானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று அண்ணலாரிடம் வாக்களித்த தோழர் தவ்பான் (ரலி) அவர்கள், வாகனத்தில் அமர்ந்து செல்கையில் சாட்டை தவறி விழுந்தால், அதை எடுத்துத் தருமாறுகூடப் பிறரிடம் சொல்லாமல் தாமே இறங்கி எடுத்துக்கொள்வார்களாம்.

இத்தகைய தன்மானத்தை ஊட்டி வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளையின் வீட்டையும் தாயையும் ஒரே காலைப் பொழுதில் கடல் கொண்டுபோய்விட்டால், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அதுவரை அதற்குப் பலமாக இருந்த நற்பண்பே அன்று அதற்குத் தடையாகிவிடாதா? இந்த வெள்ளிக்கிழமையில் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. சுமத்ரா தீவின் மேற்கே கடலடியில் அதிகாலையில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுப் பின்னர், ஆழிப்பேரலை தமிழகக் கரையை வந்து அடைந்தது. இந்துமாக்கடலில் அன்று முன்னெச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. ஆதலின், கரையோரத்தில் ஒருவருக்கும் செய்தி எட்டவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளுமே மிகப் பலர்.

நாகூர் தர்காவின் கதவுகள் அன்று எல்லோருக்கும் திறந்திருந்தன. வீடிழந்து ஓடி வந்தவர்களுக்கு மதபேதம் பாராமல் அடைக்கலமும் உணவும் அங்கே கிடைத்தன. இறந்தோரை அடக்கம் செய்யத் தர்காவின் நிலமும் தரப்பட்டது. பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார், அண்டைக் குப்பங்களிலிருந்து வந்த மீனவக் குடும்பங்களுக்கு உணவளித்து ஆதரித்தனர். கொடுப்பதற்குக் கைகள் அன்று குறைவாக இருக்கவில்லை.

வாங்கிக்கொள்ள வேண்டிய கைகளின் நிலை என்ன? அதை உணர்ந்துகொள்வதற்காக, அந்தக் கூட்டத்தில் நின்ற பிள்ளைகளுள் ஒருவனாக ஒரு சிறுவனை நம் மனக்கண் முன் கொண்டு வருவோம். அவனுக்குப் பெயர் வேண்டாம். அவனைப் போன்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

கையை ஊன்றி எழு

அவனுக்கு வயது பன்னிரண்டு. வாப்பா இறந்து நான்கு ஆண்டுகள். உம்மா விடியுமுன் எழுந்து இடியாப்பம் பிழிவார். சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கொடுத்துவிட்டு வந்த பிறகே அவன் பள்ளிக்கூடம் செல்வான். கணக்கும் அவன் கையில். ஆறு வயதுத் தங்கையைக் குளிப்பாட்டி அனுப்புவதும் அவன் பொறுப்பு. உறவினர் யாரேனும் இரக்கப்பட்டுச் சில்லறை நீட்டினால், அவன் பின்வாங்கிக்கொள்வான். "யாரிடமும் கையை நீட்டாதே வாப்பா, கீழே விழுந்தாலும் கையை ஊன்றி எழு" என்பது அவன் உம்மா சொல்லி வந்த சொல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனும் தங்கையும் பிழைத்துக்கொண்டார்கள். உம்மா திரும்பி வரவில்லை.

முகாமில் அவனைக் கண்டவர்கள் எல்லோரும் வியந்தார்கள். அவன் அழவில்லை. தங்கைக்குப் பாய் விரித்தான். தண்ணீர் பிடித்து வந்தான். முதியவர்களுக்குத் துணி மடித்துக் கொடுத்தான். சோற்றுக்கு வரிசை நின்றபோது தங்கையை மட்டும் முன்னே அனுப்பினான். அவள் மிச்சம் வைத்தால் அதை உண்டான். வைக்காவிட்டால், பசிக்கவில்லை என்றான். உடைந்த தகரம் கிழித்த காயம் ஒன்று அவன் காலில் இருந்தது. அதன்மேல் கிழிந்த கைலித் துண்டைச் சுற்றி, கால்சட்டைக்குள் மறைத்துக்கொண்டான். மருத்துவர் வந்து காயம் பட்டவர்களை அழைத்தபோது அவன் அங்கே இல்லை.

"எவ்வளவு தைரியமான பிள்ளை!" என்று சுற்றியிருந்தோர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டே அவனை மேலும் வாய் மூடச் செய்தது. பேரிடருக்குப் பின் கதறி அழும் குழந்தையைத் தூக்கிக்கொள்ளப் பலர் வருகிறார்கள். அழாமல் பெரியவனைப் போல் நடந்துகொள்ளும் குழந்தையை, அதற்கு ஒன்றும் தேவையில்லை என்று எண்ணிக் கடந்து போய்விடுகிறார்கள். இது நாம் அடிக்கடி செய்யும் தவறு. அந்தத் தவற்றுக்குச் சில வேளைகளில் விலை பெரிது. ஆழிப்பேரலைக்குப் பின் அச்சேயில், சேறும் அழுக்கு நீரும் புகுந்த காயங்களால் பலரை ரணஜன்னி பற்றியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறுவனின் காலில் மறைந்திருந்த ஆபத்து நமக்கு விளங்கும்.

இரப்பது வேறு, பெற்றுக்கொள்வது வேறு

முகாமில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க வந்த முதிய ஹஜ்ரத் ஒருவர், அவன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பதைக் கண்டார். பலர் முன்னிலையில் அவர் எதுவும் கேட்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பின், ஒதுக்குப்புறமான படிக்கட்டில் அவனருகே அமர்ந்தார்.

"தம்பி, காலில் என்ன?"

"ஒன்றுமில்லை ஹஜ்ரத்."

"சோறு உண்டாயா?"

அவன் பேசாமல் இருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லையே, ஹஜ்ரத்."

"கேட்கவில்லை என்பதனால்தானே நான் உன்னைத் தேடி வந்தேன்" என்றார் ஹஜ்ரத். பின்னர் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை அவனுக்கு எடுத்துரைத்தார்.

வாசகப் பெருமக்களே, ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உமர் (ரலி) அவர்களுக்குப் பொருள் வழங்கும்போதெல்லாம், என்னைவிடத் தேவை மிகுந்த ஒருவருக்குக் கொடுங்கள் என்று உமர் சொல்லி வந்தார்கள். அதற்கு அண்ணலார், நீங்கள் ஆசைப்பட்டு எதிர்பார்க்காமலும் கேட்காமலும் இருக்கையில் உங்களிடம் வந்து சேரும் பொருளைப் பெற்றுக்கொள்ளுங்கள். அவ்வாறு வராததன் பின்னே மனத்தை அலைய விடாதீர்கள் என்னும் கருத்துப்பட விளக்கம் அருளினார்கள்.

உமர் (ரலி) அவர்களைவிடத் தன்மானம் மிக்கவர் யார்? அந்த உமருக்கே, கேளாமல் வருவதைத் தள்ளாதீர்கள் என்று கற்பிக்கப்பட்டது. விறகு சுமந்து பிழைக்கச் சொன்ன அதே திருவாய்தான் இதையும் சொன்னது. இவ்விரண்டுக்கும் இடையே முரண்பாடு கிடையாது. உடலில் வலிமையும் கையில் வழியும் இருக்கும்போது உழைக்காமல் இரந்து நிற்பதை மார்க்கம் வெறுக்கிறது. வழி அடைபட்ட நேரத்தில் அல்லாஹ் பிறர் கைகளின் மூலம் அனுப்புவதைப் பணிவோடு பெற்றுக்கொள்வதை அது வெறுக்கவில்லை.

அருள்மறை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. செல்வந்தர்களின் பொருள்களில் கேட்பவருக்கும், கேட்க வழியின்றி இழந்து நிற்பவருக்கும் உரிமை உண்டு என்று அல்மஆரிஜ் அத்தியாயம் அறிவிக்கிறது. இழந்து நிற்பவர் என்பதற்கு, கேட்கக் கூசுவதனால் பிறர் கண்ணில் படாமல் போய்விடுபவர் என்று விரிவுரையாளர் பலர் பொருள் கூறுவர். உரிமை என்னும் அச்சொல்லை நன்கு கவனியுங்கள். பசித்த பிள்ளையின் தட்டில் விழும் சோறு, கொடுப்பவரின் பெருந்தன்மைக்குச் சான்று அன்று. அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய பாகம் அவனை வந்தடைகிறது, அவ்வளவுதான்.

சிறுவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஆயினும் ஒரு முள் மனத்தில் எஞ்சியிருந்தது. "இதையெல்லாம் நான் திருப்பிக் கொடுக்க முடியாதே, ஹஜ்ரத்" என்றான்.

"நீ உன் தங்கைக்குச் சோறு ஊட்டுகிறாயே, அவள் அதை உனக்குத் திருப்பித் தருவாளா?"

"அவள் என் தங்கை அல்லவா!"

"வாங்கிக்கொள்ள அவள் வெட்கப்படுகிறாளா?"

"இல்லை."

"ஏன் வெட்கப்படவில்லை? நீ அவளுக்கு உரியவன் என்பது அவளுக்குத் தெரியும். நாங்களும் உனக்கு உரியவர்கள்தாம், தம்பி. அதை நீ இன்னும் நம்பவில்லை, அவ்வளவே."

சிறுவன் நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கால்சட்டையை மேலே தூக்கிக் காயத்தைக் காட்டினான்.

நாயகத்தின் இளமை

யத்தீம் பிள்ளையின் மனம் எப்படிப்பட்டது என்பதை நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர். பிறக்குமுன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில், அப்வா என்னுமிடத்தில் அன்னை ஆமினா மறைந்தார்கள். அங்கிருந்து குழந்தையை மக்காவுக்கு அழைத்து வந்தவர் உம்மு அய்மன் என்னும் பணிப்பெண். பாட்டனார் அப்துல் முத்தலிப் ஏந்திக்கொண்டார். எட்டு வயதில் அவரையும் இழந்த பின் பெரிய தந்தை அபூதாலிப் அரவணைத்தார். ஒரு கையிலிருந்து மறு கைக்கு என, அந்தக் குழந்தைப் பருவம் முழுவதும் பிறர் அன்பின் நிழலிலேயே கழிந்தது.

அதே இளமையில், மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்து உழைத்தவர்களும் அவர்களே. அரவணைப்பைப் பெற்றுக்கொண்டதால் அவர்களின் உழைப்புக் குறையவில்லை. உழைத்ததனால் அரவணைப்பைத் தள்ளவுமில்லை. பிற்காலத்தில் மதீனாவில் அன்பளிப்புகளை ஏற்று, அவற்றுக்கு ஈடாகத் தாமும் வழங்கி வந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அநாதையாக இருந்த உம்மை அரவணைக்கவில்லையா என்று அல்லாஹ் தன் தூதரை நோக்கி நினைவூட்டுவதாக அள்ளுஹா அத்தியாயத்தில் காண்கிறோம். பெற்ற அரவணைப்பு மறைக்க வேண்டிய இழிவாக இருந்திருந்தால், உலகம் உள்ளளவும் ஓதப்படும் வேதத்தில் அது இடம் பெற்றிருக்குமா?

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றையும் இங்கே நினைவுகொள்வோம். எகிப்திலிருந்து தனியே தப்பி, மத்யன் நகரின் நீர்நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிக் கொடுத்தார்கள், கூலி கேட்கவில்லை. பின்னர் நிழலில் அமர்ந்து, நீ இறக்கி அருளும் எந்த நன்மைக்கும் நான் தேவையுள்ளவனாக இருக்கிறேன் என்ற பொருளில் இறைவனிடம் மட்டும் முறையிட்டார்கள். அதற்கு விடை வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, என் தந்தை உங்களை அழைக்கிறார் என்று சொன்னார். வலிமை வாய்ந்த மூஸா (அலை) அவர்கள், எனக்கு யார் தயவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து உடன் சென்றார்கள். அங்கே அவர்களுக்கு அடைக்கலமும் வேலையும் குடும்பமும் கிடைத்தன.

அச்சேயின் சிறுவன்

நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் அச்சே மாநிலமே அன்று எல்லா நாடுகளையும்விடக் கொடிய அழிவைக் கண்டது. பந்தா அச்சே நகரில் பைத்துர் ரஹ்மான் பெரிய பள்ளிவாசல் நிலைத்து நின்று, உயிர் தப்பியோருக்குப் புகலிடமாயிற்று. அந்நகரின் கடலோரத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் உயிரோடு கண்டெடுக்கப்பட்ட செய்தியை அன்றைய நாளேடுகள் வெளியிட்டன. போர்த்துகல் நாட்டுக் கால்பந்துச் சட்டை அவன் உடலில் இருந்தது. வெள்ளத்தில் ஒதுங்கிய உலர்ந்த நூடுல்ஸையும் தண்ணீரையும் கொண்டு தன் உயிரைத் தானே காத்திருந்தான். தாயையும் உடன்பிறந்தாரையும் இழந்திருந்த அவனை, தந்தையும் பாட்டியும் மீண்டும் அடைந்தனர். கடல் கடந்த நாட்டுக் கால்பந்துக் குழுவினர் அவன் குடும்பம் வீடு பெற உதவினர். 2015-ல் அந்நாட்டின் பயிற்சிக் கழகம் ஒன்று அவனை வரவேற்றது.

மூன்று வாரம் தனித்து வாழத் தெரிந்த குழந்தைக்கும் ஒரு கட்டத்தில் வேறொரு கை வேண்டியிருந்தது. அக்கையை அவன் பற்றிக்கொண்டதனால் அவனுடைய மூன்று வார வீரம் குறைந்து போய்விடவில்லை.

கொடுப்போர் கற்க வேண்டியது

பெற்றுக்கொள்ளப் பிள்ளை கற்க வேண்டும் என்றால், கொடுக்க நாமும் கற்க வேண்டும் அல்லவா? ஆழிப்பேரலையின்போது லாரி லாரியாக வந்து குவிந்த பழந்துணிகள், உடுத்த இயலாத நிலையில் நாகையின் சாலையோரங்களில் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்க விரும்பாத பொருளைத் தருமமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்று அல்பகரா அத்தியாயம் எச்சரித்திருப்பதை அன்று நம்மில் பலர் மறந்திருந்தோம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டி மனத்தைப் புண்படுத்துவது அத்தருமத்தையே பாழாக்கிவிடும் என்பதும் அதே அத்தியாயத்தின் போதனை. தன்மானத்தின் காரணமாகச் செல்வரைப் போல் தோன்றும் ஏழைகளை அவர்களின் அடையாளத்தால் அறிந்துகொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. அந்த அடையாளத்தைத் தேடிக் காண்பது கொடுப்பவரின் கடமை. வாய் திறந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது கடமையாகாது.

ஆகவே பிள்ளைக்குக் கொடுக்கும்போது பலர் பார்க்கக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் காட்சியைப் படம் பிடிக்காதீர்கள். "நன்றி சொல்" என்று வற்புறுத்தாதீர்கள். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அவனுக்கே விடுங்கள். எல்லாவற்றையும் இழந்த குழந்தையிடம் எஞ்சியிருப்பது அதன் மானம் ஒன்றே. நம் உதவி அதைப் பறித்துக்கொள்ளலாகாது.

பெருநாள் சட்டை

அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜனவரி மூன்றாம் வாரத்தில் வந்தது. நம் சிறுவனின் கால் அதற்குள் ஆறியிருந்தது. முகாமில் எல்லோருடனும் அமர்ந்து அவன் உண்ணத் தொடங்கியிருந்தான். பெருநாளைக்கு முந்திய இரவு ஹஜ்ரத் இரண்டு புதுச் சட்டைகளைக் கொண்டு வந்து, "ஒன்று உனக்கு, மற்றொன்று உன் வயதுப் பிள்ளை இன்னொருவனுக்கு. உனக்கு எது வேண்டும் என்று நீயே சொல்" என்றார்.

அவன் நீல நிறச் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். உம்மா எடுத்துக் கொடுத்த கடைசிப் பெருநாள் சட்டையும் நீலந்தான். அதை அவன் சொல்லத் தொடங்கினான். சொல்லி முடிக்க முடியவில்லை. அந்த அழிவு நடந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. ஹஜ்ரத் அவனை அடக்கவில்லை, தோளோடு அணைத்துக்கொண்டார். குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருக்கண்களும் நீர் சொரிந்தன அல்லவா? பிறர் தோளில் சாய்ந்து அழுவதும் உதவி பெறுவதுதான். சோற்றையும் மருந்தையும்விட அதைப் பெற்றுக்கொள்வதே அந்தச் சிறுவனுக்குக் கடினமாக இருந்தது.

அன்று முகாம்களில் சோறு வாங்கி உண்ட பிள்ளைகள் இன்று வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அதே நாகை மாவட்டத்தைத் தாக்கியபோது, அவர்கள் இருபது வயதைக் கடந்த இளைஞர்களாக இருந்தார்கள். வாங்கும் கையின் கூச்சம் எப்படிப்பட்டது என்பதை அறிந்தவருக்கு, கொடுக்கும் வகையைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்புடையீர்! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளையை அருகே அழைத்து உட்கார்த்துங்கள். யாரிடமும் கையை நீட்டாதே என்று நீங்கள் சொல்லிக் கொடுத்ததை மாற்ற வேண்டாம். அதனோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "நீ விழுந்து கிடக்கும்போது உன்னைத் தேடி ஒரு கை வந்தால், அதைப் பற்றிக்கொள். அது அல்லாஹ் அனுப்பிய கை."

எல்லாம் வல்ல இறைவன், கொடுக்கும்போது பணிவையும் பெறும்போது மன அமைதியையும் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன்.